சேலத்து வசந்தமும் வீட்டுக்கு வரும் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் சேலத்து நண்பர்களும் ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களும் பறவைகளைப் பற்றி ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

சேலத்தில் வசந்தம் என்று ஒன்று உண்டா? குளிர் போனால் நேராக வெயில்தானே?

நமக்கு வெயில்தான். பறவைகளுக்கு வசந்தம் உண்டு. மாசி நடுவில் தொடங்கிச் சித்திரை வெயில் உறைக்கும் வரை அது நடக்கிறது. இலவமரம் இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூப்பதும், கல்யாண முருங்கை பூப்பதும், வேம்பு துளிர்ப்பதும், மாமரத்தில் பிஞ்சு தெரிவதும் இந்த நாட்களில்தான். பூ வந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் குஞ்சு வளர்க்கலாம். பறவைகளின் கணக்கு அவ்வளவே.

கண்ணைவிடக் காதுக்கு இது முதலில் தெரியும். மார்கழியில் வாயே திறக்காத குண்டுக்கரிச்சான், மாசியில் ஆன்டெனா கம்பியில் உட்கார்ந்து விடியுமுன்பே சீட்டி அடிக்கும். மாம்பழச்சிட்டு நீளமாக ஒரு விசில் இழுத்துக் கடைசியில் தாழ்த்தி முடிக்கும். செம்மார்புக் குக்குறுவான் உச்சிவெயிலிலும் 'டொங்க் டொங்க்' என்று நிறுத்தாமல் ஒலிக்கும். அம்மாப்பேட்டைப் பக்கத்தில் பலர் அதைப் பட்டறைச் சத்தம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

பார்க்கத் தொடங்க நல்ல நாள் எது?

நாளைக் காலை. காரணம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் இரண்டு கூட்டங்கள் ஒரே நேரத்தில் நம் ஊரில் இருக்கின்றன. உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும்; வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் இன்னும் கிளம்பியிருக்காது. சித்திரை பாதிக்கு மேல் விருந்தாளிகள் பெரும்பாலும் போய்விடும். பிறகு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எவையெல்லாம் கிளம்பிப் போகின்றன?

வீட்டுத் தோட்டத்தில் பார்க்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். முதலில் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றில் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறமிருந்தும் கண்ணில் படாது, ஏனென்றால் சருகைக் கிளறிக்கொண்டு தரையிலேயே நடக்கும். காலை ஆறுமணிக்கும் மாலை ஆறுமணிக்கும் இரண்டு சுரத்தில் கூவும். மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. கன்னங்குறிச்சி, கோரிமேடு போல மலையடிவாரத்தில் வீடிருந்து, தோட்டத்து மூலையில் சருகை விட்டுவைத்திருந்தால், பங்குனியில் அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டி வைத்திருங்கள்.

அடுத்தது சூறைக்குருவி. சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். இளஞ்சிவப்பு உடம்பு, கறுப்புத் தலை. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வரும் மைனா இனம். இலவமும் கல்யாண முருங்கையும் பூத்திருக்கும் மரத்தில் கூட்டமாக இறங்கித் தேன் குடிக்கும். திரும்பிப் போகும் முன் இறகின் நிறம் நன்றாக ஏறியிருப்பதால் பங்குனியில் பார்ப்பதே அழகு.

மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான், தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான், இலைகளுக்கு நடுவே 'டிஸ்வீட்' என்று சொல்லிக்கொண்டே திரியும் பச்சைக் கதிர்க்குருவி ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

பறவைகள் வீட்டுக்கு வர முதலில் என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர் வையுங்கள். தானியத்தைப் பிறகு யோசிக்கலாம். தானியம் தின்கிற பறவைகள் சிலவே. தண்ணீர் வேண்டாத பறவை இல்லை. வெயில் 40 டிகிரியை நெருங்கும் ஊரில் ஒரு மண் தட்டுத் தண்ணீர் செய்கிற வேலையை ஒரு மூட்டைக் கம்பும் செய்யாது.

தட்டு அகலமாக இருக்கட்டும், ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் சுடுமண் தட்டே போதும். எவர்சில்வர், பிளாஸ்டிக் இரண்டும் வேண்டாம்: ஒன்று வெயிலில் காயும், மற்றது வழுக்கும். நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லை வைத்தால் சிறு பறவைகள் அதில் நின்று குடிக்கும். மரநிழலில், தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் வையுங்கள். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். சோப்பு வேண்டாம்.

முதல் வாரம் ஒன்றும் வரவில்லை என்று தட்டை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மாற்றாதீர்கள். பெரும்பாலும் தவிட்டுக்குருவிக் கூட்டம்தான் முதலில் கண்டுபிடிக்கும். ஆறேழு சேர்ந்து வந்து, ஒன்று குளிக்க மற்றவை கத்தி, ஊரைக் கூட்டிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டைக்குருவிகள் வரும். தேன்சிட்டுக்குத் தட்டே வேண்டாம். செடிக்குக் குழாயால் தண்ணீர் தெளித்தவுடன் நகராமல் நின்று பாருங்கள்: ஈரமான வாழையிலையிலோ செம்பருத்தி இலையிலோ வயிற்றைத் தேய்த்துச் சறுக்கி, திரும்பவும் மேலேறிச் சறுக்கி, இலைத் தண்ணீரிலேயே குளித்து முடித்துவிடும்.

தண்ணீர் வைத்தால் கொசு வராதா?

கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் தேய்த்துக் கழுவுகிற தட்டில் அது நடக்காது. கழுவ முடியாதவர்கள் தட்டு வைக்கவே வேண்டாம். ஊருக்குப் போகும்போது கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

எந்தத் தானியம் வைக்கலாம்?

கம்பு, தினை, சாமை, நொய்யரிசி. ஒரு கைப்பிடி, அதுவும் காலையில் மட்டும். மாலைக்குள் தீர்ந்துபோகிற அளவுதான் வைக்க வேண்டும். மீந்தால் இரவில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். காக்கைக்கு வைக்கிற வெறுஞ்சோறு பரவாயில்லை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த முறுக்கு, சிப்ஸ், மிக்சர் எதுவும் வேண்டாம். ரொட்டி வயிற்றை நிரப்பும், சத்துத் தராது.

பழுத்த கொய்யாவையோ, அழுகத் தொடங்காத பப்பாளியையோ, மாம்பழத்தையோ பாதியாக வெட்டிக் கிளையில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவி, குயில், குக்குறுவான் வரும். சேலத்துக்காரர்கள் மல்கோவாவைப் பறவைக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது தெரியும். மரத்தில் அணில் கடித்ததை விட்டுவைத்தாலே போதும்.

தானியம் வைத்தேன், புறாக்கள் மட்டும்தான் வருகின்றன. என்ன செய்வது?

நிறுத்துங்கள். மாடப்புறாவுக்கு நகரத்தில் கவலையே இல்லை. கட்டடம் கூடு தருகிறது, மனிதர்கள் தீனி தருகிறார்கள். அவை கூடிவிட்ட இடத்தில் சிறு பறவைகள் தரையிறங்காது. புறா எச்சம் காய்ந்து தூசியானால் நுரையீரலுக்கும் நல்லதல்ல. இரண்டு மூன்று வாரம் தானியத்தை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வைத்தால் கூட்டம் கலைந்துவிடும். மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவது தர்மமாக இருக்கலாம். பறவை வளர்ப்பு ஆகாது என்பது என் கருத்து.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் மாட்டலாமா?

வேண்டாம். அது அமெரிக்காவில் ஓசனிச்சிட்டு என்ற வேறு பறவைக்காக உண்டான பழக்கம். நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும். எறும்பும் குளவியும் மிச்சம். அந்த இருநூறு முந்நூறு ரூபாய்க்கு இட்லிப்பூச்செடி, செம்பருத்தி, மாதுளை மூன்றையும் வாங்கி நடலாம்.

ஊதாத் தேன்சிட்டு ஆணுக்கு இந்தப் பருவத்தில் உடம்பு முழுவதும் கருநீலமாக மின்னும். மற்ற மாதங்களில் நெஞ்சில் ஒரு கருங்கோடு மட்டும் போட்டுக்கொண்டு பெண்பறவை போலவே இருப்பதால், புதிய பறவை வந்துவிட்டது என்று பங்குனியில் பலர் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பழைய ஆள்தான்.

எந்த மரம், எந்தச் செடி நடலாம்?

இடம் நிறைய இருந்தால் அத்தி, நாவல், வேம்பு. அத்தி ஒன்று காய்த்தால் தெருவுக்கே போதும். குக்குறுவான், குயில், மாங்குயில், மைனா எல்லாம் அங்கேதான் இருக்கும். நடுத்தர இடத்துக்குக் கொய்யா, சீத்தா, கறிவேப்பிலை. கறிவேப்பிலைப் பழத்துக்குக் கொண்டைக்குருவி பறந்து வரும், விதையை ஊரெல்லாம் போட்டுவிட்டும் வரும்.

முருங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூவுக்குத் தேன்சிட்டு, பூச்சிக்குத் தையல்சிட்டு, பட்டுப்போன கிளைக்குக் குக்குறுவான். மென்மையான மரம் என்பதால் செம்மார்புக் குக்குறுவான் காய்ந்த கிளையின் அடிப்பக்கத்தைக் கொத்தி, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துளை போட்டுக் குடியேறும். துளை கீழ்நோக்கி இருப்பதால் மழைநீர் இறங்காது. காய்ந்த கிளை விழுந்து யார் தலையிலும் அடிக்காது என்றால் அதை வெட்டாமல் விடுங்கள். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பினால் நாம் தீப்பந்தத்தைத் தேடுகிறோம். செம்போத்தும் மற்றக் குயிலினங்களும் அந்த மயிர்ப்பூச்சியைத் தின்னக்கூடியவை. தோட்டம் முழுக்க மருந்தடித்தால் தின்ன வருகிறவையும் வராது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு மூலையைப் பெருக்காமல் விடுவது. சருகும் புதரும் இருக்கிற மூலைதான் பறவைகளுக்கு வீடு. தளக்கல் பதித்து, புல்வெளி வளர்த்து, குரோட்டன்ஸ் வரிசையாக நட்ட தோட்டத்தில் காக்கையைத் தவிர யாரும் வரவில்லை என்றால் காக்கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுக்குமாடியில் இருக்கிறோம். பால்கனி மட்டும்தான் உண்டு.

போதும். மண் தட்டு ஒன்று, இட்லிப்பூ ஒன்று, அகன்ற இலையுள்ள செடி ஒன்று. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்து மாடிகளில் தையல்சிட்டு தொட்டிச் செடியிலேயே கூடு கட்டுவதுண்டு. இலையின் இரு ஓரங்களையும் இழுத்துப் பை போலச் சேர்க்கும். அலகால் ஓரத்தில் சிறு துளையிட்டுப் பஞ்சையோ சிலந்தி நூலையோ நுழைக்கும். வெளிப்பக்கம் வந்த நுனி பிசிறாக விரிந்து கழலாமல் பிடித்துக்கொள்ளும். முடிச்சே கிடையாது. ஒவ்வொரு தையலும் தனித்தனி. இலை உயிரோடு பச்சையாகவே இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் கூடு தெரியாது.

தறி இருக்கும் தெருக்களில் ஒரு வேண்டுகோள்: பாலியஸ்டர், நைலான் கழிவு நூலை வெளியே எறியாதீர்கள். பறவைகள் கூட்டுக்கு எடுத்துப் போய், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்கிறது.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைத்தேன், வரவில்லை. செல்போன் கோபுரம்தான் காரணமா?

கோபுரத்தின் மேல் பழி போடுவது எளிது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி நிலையாகவே இருப்பதாகவும், பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் சொல்கிறது. கூரையில் ஓடுகளும், சுவரில் பொந்தும் இருந்த வீடுகள் போய்க் கான்கிரீட் பெட்டிகள் வந்துவிட்டன. முற்றத்தில் அரிசி புடைப்பதும் நின்றுவிட்டது. குருவி எங்கே போகும்?

பெட்டியின் துளை மூன்றேகால் சென்டிமீட்டர் அளவு இருந்தால் போதும். பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். எட்டு பத்து அடி உயரத்தில், மேல்கூரை நிழலில், மேற்கு வெயில் அடிக்காத சுவரில் மாட்டுங்கள். முன்னால் உட்காரக் குச்சி வேண்டாம். அது குருவிக்குத் தேவையில்லை, வேட்டையாட வருகிறவைக்குத்தான் வசதி. முக்கால்வாசிப் பேர் மறப்பது வேறொன்று: குஞ்சுக்கு முதல் சில நாட்கள் தானியம் ஆகாது, புழுவும் பூச்சியும் வேண்டும். மருந்தடிக்காத செடிகள் பக்கத்தில் இல்லையென்றால் பெட்டி அலங்காரம்தான். காகிதப்பூவோ வேறு அடர்ந்த புதரோ இருந்தால் கூட்டமாக அடையவும் இடம் கிடைக்கும். தெருவில் ஏற்கெனவே குருவி இருக்கிற இடத்தில்தான் பெட்டிக்குக் குருவி வரும். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினத்தன்று இலவசமாகக் கிடைத்த பெட்டியை எங்கோ மாட்டிவிட்டு எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

தொங்கும் பூந்தொட்டியில் கொண்டைக்குருவி கூடு கட்டிவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதா வேண்டாமா?

தொட்டியின் ஓரமாக, கூட்டில் படாமல், தாய் இல்லாத நேரத்தில் கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று முட்டை இருக்கும். இரண்டு வாரத்தில் பொரிக்கும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் கிளம்பிவிடும். ஒரு மாதம் பொறுத்தால் போதும். நாளைக்குப் பத்து முறை எட்டிப் பார்த்துக் கைபேசியில் படமெடுப்பதுதான் ஆபத்து. உங்களைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். மரக்கிளை வெட்டும் வேலையையும் புரட்டாசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

குஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காதாமே?

சேர்க்கும். மனித வாடை பட்டதற்காகப் பறவை குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சென்றால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பறக்கப் பழகுகிறது; தாய் பக்கத்தில்தான் இருக்கும். புதர் மேல் ஏற்றி வைத்துவிட்டு, நாயையும் பூனையையும் தடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். பால் ஊற்றாதீர்கள்.

ஒரு பறவை தினமும் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது. சகுனமா?

எதிரி என்று நினைக்கிறது. கூடு கட்டும் பருவத்தில் தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நிற்பதாக நினைத்துத் தன் நிழலோடு சண்டை போடுகிறது. குண்டுக்கரிச்சானும் வெண்புருவ வாலாட்டியும் இதில் பேர்போனவை. கண்ணாடிமேல் ஒரு துணிப்பையை மாட்டுங்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கே குயில் கூவித் தூக்கம் போகிறது.

கூவுவது ஆண். கன்னங்கரேலென்று, சிவந்த கண்ணோடு இருப்பது அது. பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் 'கிக் கிக்' என்று மட்டும் கத்தும். காக்கை கூடு கட்டுகிற பருவம் என்பதால்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். ஆண் கூவிக் காக்கையைத் துரத்த வைக்கும், பெண் அந்த நேரத்தில் முட்டையிட்டுவிடும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால் அது ஊட்டுகிற குஞ்சு அதனுடையதுதானா என்பது வேறு விஷயம். உங்கள் தூக்கத்துக்கு என்னிடம் வழியில்லை.

ஏற்காட்டுக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

பார்வை ஏரிக்கரையில் தொடங்க வேண்டாம், அடிவாரத்தில் தொடங்கட்டும். சுமார் 300 மீட்டரில் இருந்து 1,500 மீட்டருக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோம். காடும் முள்புதரிலிருந்து இலையுதிர் காடாகி, மேலே காபித் தோட்டமாக மாறுகிறது. கீழ்ப்பகுதிப் பாறைச் சரிவுகளில் இருக்கக்கூடியது மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவாய்ப்புள்ள பறவை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் பெருமை சேர்ப்பது அதுதான். வளைவில் நின்று சிப்ஸ் தின்கிறவர்களில் பலருக்கு அது தெரியாது.

மேலே போனதும் 'குட்ரூ குட்ரூ' என்று மலை முழுக்கக் கேட்பது வெண்கன்னக் குக்குறுவான். இதன் சொந்த வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்குப் பக்கத்தில் முக்கியமாகச் சேர்வராயனிலும் சித்தேரி மலையிலும் இருக்கிறது. ஓடைப்பக்கம் விடியலில் யாரோ ராகம் தெரியாமல் சீட்டி அடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப்பூங்குருவி. செம்மீசைச் சின்னான் தோட்டமெங்கும் உண்டு. சாலையோர ஈரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டி பங்குனி கடைசிக்குள் வடக்கே போய்விடும்.

மாசி, பங்குனியில் ஒரு மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் காபி வெள்ளையாகப் பூக்கும். அந்த வாரம் போக முடிந்தால் போங்கள். சில்வர் ஓக் மட்டும் நட்ட தோட்டத்தைவிட, அத்தியும் பலாவும் காட்டு மரங்களும் நிழலுக்கு நிற்கிற தோட்டத்தில் பறவை அதிகம். தனியார் தோட்டத்துக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு. விடியலிலும் அந்தியிலும் தனியாக உள்பாதையில் நடக்க வேண்டாம். மே மாதக் கோடை விழா நெரிசலில் பறவை பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

மலை ஏற முடியாதவர்களுக்கு?

கன்னங்குறிச்சி மூக்கனேரி. ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்திருப்பதால் நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன. முக்குளிப்பான், தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவற்றைக் கரையிலிருந்தே பார்க்கலாம். காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் கட்டாயமா? பெயர் எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுத் தோட்டத்துக்குக் கண் போதும். வாங்குவதென்றால் 8x42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதை வாங்குங்கள்; அதிகப் பெரிதாக்கிக் காட்டுவதை வாங்கினால் கை நடுங்கும், பறவை தெரியாது. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை நம்பலாம், ஆனால் கண்ணால் பார்க்காமல் முழுதாக நம்ப வேண்டாம். அதே கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிற பழக்கம் கூடு கட்டும் பருவத்தில் கூடவே கூடாது. முட்டையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் உலக அளவிலான கொல்லைப்புறக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. வாசலில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே கணக்கில் சேரும்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் விற்கிற சில்லைக்குருவிக்கும் இதே பதில்தான்.

எங்கள் வீட்டுப் பூனை ஒன்றும் செய்யாது. இருந்தாலும் கேட்கிறேன்.

செய்யும். விடியலிலும் அந்தியிலும் உள்ளே வையுங்கள். தண்ணீர்த் தட்டைப் புதரிலிருந்து ஆறடியாவது தள்ளி வையுங்கள், பதுங்க இடமிருக்காது.

பறவை எச்சம் காரில் விழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

தட்டை உங்கள் பக்கத்துச் சுவரோரம் மாற்றுங்கள். அவர் கார் நிற்பது வேப்பமரத்தடி என்றால் அது அவர் தேர்ந்தெடுத்த நிழல். மாம்பழக் காலத்தில் ஒரு கூடை கொடுத்தனுப்புங்கள்.